கேள்வி – பதில்: படத்தின் பின்பக்கம் எங்கே?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் லயம் லயமாக, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கெல்லாம் போய்ப் பழைய புகைப்படங்களைத் திரட்டி ஸ்கேன் பண்ணுகிறோம். எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுப்பதற்கு ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுத வேண்டுமாம். பாதிப் படங்களுக்குக் 'கொழுந்து பறிக்கும் பெண்கள்' என்றே எழுதியிருக்கிறோம். போதுமா? – ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: போதாது, பிள்ளை. அந்தத் தலைப்பில் தேடினால் படங்கள் வந்து குவியும். உங்கள் அம்மாயி மட்டும் கிடைக்க மாட்டார். முதலில் பெயர்களை எழுதுங்கள். முன்வரிசை, பின்வரிசை, இடமிருந்து வலம். பிறகு தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), தெரிந்தால் மலை நம்பர் (கொழுந்து பறிக்கும் மலையின் இலக்கம்).

கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்டதையும் கலக்காதீர்கள். 'தலையில் கயிறு மாட்டிய கூடையோடு நான்கு பெண்கள், இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, பின்னால் கோட்டுப் போட்ட ஆண்' என்பது படத்தில் இருப்பது. அந்தக் கோட்டுக்காரர் பெரிய கங்காணி, அதாவது ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கியவர், என்பது யாரோ சொன்னது. சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதோடு அதைத் தனியாக எழுதுங்கள். நாளைக்கு வேறொரு பாட்டி வந்து "அது கங்காணி இல்லை, கணக்கப்பிள்ளை" என்றால் அதையும் சேர்க்கலாம். முதல் பாட்டி சொன்னதை அடித்துவிட வேண்டாம்.

வருஷம் தெரியாவிட்டால் 1965 என்று துணிந்து போடாதீர்கள். '1960கள், உத்தேசம்' என்று போட்டு, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் ஊரிலேயே நல்ல அடையாளம் இருக்கிறதே! பழைய மஸ்கெலியா பஜார் 1960களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போனது. படத்தில் அந்தக் கடைத்தெருவில் ஆட்கள் நடமாடினால் அது அதற்கு முந்தியது. ஸ்டூடியோ முத்திரையும் பேனாக் குறிப்பும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். அதையும் ஸ்கேன் பண்ணி, அதே இலக்கத்தோடு 'பின்' என்று சேர்த்து வையுங்கள்.

ஆவணகங்கள் பரவலாகப் பின்பற்றும் 'டப்ளின் கோர்' என்ற விவரக் குறிப்பு முறையில் நிரப்புவதற்கு 15 பெட்டிகள் உண்டு. அவற்றில் நம்மவர்கள் அடிக்கடி தவறாக நிரப்புவது 'ஆக்கியவர்'. படத்தைக் கொடுத்த மாமாவும் ஸ்கேன் பண்ணிய தம்பியும் ஆக்கியவர் இல்லை, படம் எடுத்தவர்தான். தெரியாவிட்டால் காலியாக விடுங்கள்.

புது உடுப்போடு குடும்பமே வரிசையாக நிற்கும் படங்கள் கிடைத்தால் கட்டாயம் விசாரியுங்கள். மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்கள் போகுமுன் எடுத்ததாக இருக்கலாம். நீலகிரியில் கூடலூரிலோ கோத்தகிரியிலோ பேரப்பிள்ளைகள் தேடக்கூடும். அவர்கள் ஊர்ப் பெயரை 'அட்டன்' என்று தேடுவார்களா, 'ஹட்டன்' என்றா, யாருக்குத் தெரியும்? இரண்டையும் போடுங்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் பக்கங்களை மட்டும் பொதுவில் விடாதீர்கள். வீட்டாரிடம் கேட்காமல் எதையுமே விடாதீர்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்து அஞ்சலட்டையில் 'தமிழ்க் கூலிகள்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. அந்தச் சொல்லை நீக்கிவிடலாமா? – ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: நீக்காதீர்கள், தலைப்பாகவும் வைக்காதீர்கள். 'மூலக் குறிப்பு' என்று தனிப் பெட்டி போட்டு, மேற்கோள் குறிக்குள் எழுத்து மாறாமல் எழுதுங்கள். நம்மை எப்படி அழைத்தார்கள் என்பதற்கு அது சாட்சி. தலைப்பு உங்களுடையதாக இருக்கட்டும்: 'தேயிலை நிறுக்கும் இடத்தில் தொழிலாளர்கள்' என்பதுபோல.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரி 1875இல் இலங்கை வந்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். இங்கே அவருடைய கேமரா முன் நின்றவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே பதிவில் இல்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் மஸ்கெலியாப் பிள்ளையிடம் பெயர், பெயர் என்று அடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்தால் ஏற்பார்களா? – ஒரு வாசகர், இராகலை

பதில்: வேறு பிரதி இல்லையென்றால் கொடுங்கள். மூலப்படம் வீட்டில் இருக்கிறதென்றால் சோம்பல் படாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பெரிதாக்கினால் முகம் கலங்கும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணி, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள், பார்ப்பதற்கு ஒரு ஜேபெக் பிரதி. அவசரத்துக்கு வாட்ஸ்அப்தான் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.