பி.எஸ்சி. இயற்பியல், எம்.ஏ. ஆங்கிலம்: நான் எந்தப் பாட ஆசிரியர் ஆகலாம்?

கேள்வி: எனக்கு வயது 33. பி.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன். திருமணத்துக்குப் பிறகு தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்த ஆசை. பி.எட். படிக்க வேண்டுமா, நேராக எம்.எட். சேரலாமா? தபாலில் படிக்க வழி உண்டா?

பதில்: எம்.எட்.டை இப்போதே மறந்துவிடுங்கள். அது பி.எட். கல்லூரிகளில் பாடம் நடத்த நினைப்பவர்களுக்கான படிப்பு. பள்ளி வேலைக்கு அதை யாரும் கேட்பதில்லை. உங்களுக்குத் தேவை பி.எட். தான்.

ஆனால் பி.எட். முடித்தாலும் நீங்கள் கேட்கும் வேலைக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 11, 12-ஆம் வகுப்புக்கான முதுநிலை ஆசிரியர் பணிக்கு, இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடத்தையோ, அதற்கு இணையானது என்று அரசு ஏற்ற பாடத்தையோ படித்திருக்க வேண்டும். உங்களுடையது 'கிராஸ் மேஜர்', அதாவது இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறு பாடம். டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் இதே காரணத்தால் திரும்பி வந்தவர்கள் உண்டு. எம்.ஏ.வுக்குப் பணம் கட்டும்போது இதை யாராவது சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் சொல்வதில்லை.

சரி, கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? உங்கள் பி.எஸ்சி.தான் உங்களுக்குப் பலம். பி.எட்.டில் பிசிகல் சயின்ஸ் எடுங்கள். அப்புறம் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளைக் கணிதம், அறிவியல் பிரிவில் எழுதுங்கள். மொத்தம் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. அந்த ஆங்கில 30-ல் உங்கள் எம்.ஏ. கை கொடுக்கும். 2021-ல் வந்த மாற்றப்படி டெட் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். அதோடு வேலை வந்துவிடாது. பட்டதாரி ஆசிரியர் (பத்தாம் வகுப்பு வரை நடத்துபவர்) பணிக்கு டிஆர்பி தனியாகப் போட்டித் தேர்வு வைக்கிறது. அதில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் பாடத்தாளையே திருத்துவார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாக விட்டு அங்கேயே சறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம்தான் நடத்துவேன் என்று பிடிவாதமாக இருந்தால் மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளைப் பாருங்கள். அங்கே முதுநிலை ஆங்கில ஆசிரியருக்கு எம்.ஏ. ஆங்கிலத்தில் 50 சதவீதமும் பி.எட்.டும் கேட்கிறார்கள். இளநிலையில் என்ன படித்தீர்கள் என்பது அங்கே தடையாகாது. ஆனால் வேலை வட இந்தியாவில் எங்கேயாவது கிடைக்கலாம். வீட்டில் அதைப் பேசி முடிவெடுங்கள்.

தபால் வழி பி.எட். உங்களுக்கு ஒத்துவராது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அந்த வழி. நீங்கள் இரண்டு ஆண்டு கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். முதுநிலை முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்று 2025-ல் என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) ஒரு வரைவு விதியை வெளியிட்டது. அந்த வரைவைக் காட்டி "ஒரே வருஷத்தில் முடித்துத் தருகிறோம்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, மதிப்பெண்தான். பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முதலில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் மிகக் குறைவு. தனியார் கல்லூரி என்றால் என்சிடிஇ அங்கீகாரம் இருக்கிறதா, ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள்.

"வகுப்புக்கு வரவே வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும்" என்பவர்களும் இருக்கிறார்கள். விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். அந்தப் பயிற்சி இரண்டு ஆண்டிலும் சேர்த்து 20 வாரம். அதற்குள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதை விண்ணப்பம் போடும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.