படகைத் தவறவிட்டால் நடு மலையில் நிற்போமா?

கேள்வி: ஜூன் கடைசியில் மனைவி, 70 வயது அம்மா, 11 வயது மகன் ஆகியோருடன் நார்வே போகத் திட்டம். ஓஸ்லோவிலிருந்து ரயிலில் மலையைக் கடந்து, குட்டி ரயிலில் ஃப்ளாம் இறங்கி, அங்கிருந்து படகு, பிறகு பேருந்து, மறுபடி ரயில் என்று பெர்கன் போய்ச் சேர வேண்டும். “ஒரு ரயில் அரை மணி தாமதமானாலும் அடுத்த டிக்கெட் எல்லாம் வீண். நீங்களே போட்டுக்கொண்டு போனால் நடு மலையில் நிற்பீர்கள். எங்கள் பேக்கேஜில் வந்தால் நாங்கள் பொறுப்பு” என்கிறார் எங்கள் ஊர் ஏஜென்ட். விசாவுக்கு முன்பே முழுப் பணமும் கட்ட வேண்டுமாம். அவர் சொல்வதை நம்பலாமா? (கோவை வாசகர்)

பதில்: ரயில் தாமதமாகும் என்பது உண்மைதான். நடு மலையில் நிற்பீர்கள் என்பது வியாபாரம்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். ஓஸ்லோ–பெர்கன் ரயில் பாதை 1909இல் திறந்தது. கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், ஆறரை முதல் ஏழு மணி நேரம். நடுவில் 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே என்று ஒரு நிலையம் வரும். அதற்குச் சாலையே கிடையாது. ரயில்தான் கதி. ஜூன் மாதத்திலும் அங்கே பனித்திட்டு கிடக்கும், உங்கள் மகன் கண்ணாடியை விட்டு நகர மாட்டான். அதைத் தாண்டிச் சிறிது நேரத்தில் மிர்டால். அங்கே இறங்கி, பக்கத்து நடைமேடையில் நிற்கும் ஃப்ளாம் ரயிலில் ஏற வேண்டும். (எழுதுவது ஃப்ளாம் மாதிரி இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் ‘ஃப்ளோம்’ என்பார்கள். அறிவிப்பைக் கேட்டு விழிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.)

மிர்டாலில் ஓஸ்லோ ரயில் தாமதமாக வந்து, ஃப்ளாம் ரயில் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். கோடையில் அந்தக் குட்டி ரயில் நாளொன்றுக்குப் பல முறை ஓடுகிறது. ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ உட்கார்ந்து காபி குடித்தால் அடுத்தது வரும். ஓஸ்லோவிலிருந்து ஃப்ளாம் வரை ஒரே டிக்கெட்டாக, ஒரே முன்பதிவில் வாங்கியிருந்தால், அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது ரயில்காரர்கள் வேலை. மிர்டாலில் கோட்டைவிட்டு அநாதையாக நின்ற யாரையும் இத்தனை வருடத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

சங்கிலியில் பலவீனமான கண்ணி ஒன்றே ஒன்றுதான். அது படகு. படகுக்குத் தனி டிக்கெட், தனி கணக்கு. ரயில் தாமதமானால் படகு உங்களுக்காகக் காத்திருக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால்தான் இது பிரச்சினை. ஏஜென்ட் உங்களிடம் விற்கப் பார்ப்பதும் அந்த ஒரு நாள் ஓட்டத்தைத்தான். காலையில் ஓஸ்லோ, ராத்திரி பெர்கன். நடுவில் நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். எழுபது வயது அம்மாவை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு?

ஃப்ளாமில் ஒரு ராத்திரி தங்குங்கள். அவ்வளவுதான் விஷயம். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் கூட உங்களுக்கு ஒன்றும் ஆகாது, படகு மறுநாள் காலையில்தானே. ஊர் சின்னது, தங்கும் இடம் குறைவு. அதனால் ரயிலுக்கு முன்பே அறையைப் பாருங்கள், கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாக. ஃப்ளாமில் கிடைக்காவிட்டால் வழியில் வரும் வோஸ் ஊரில் தங்கலாம். ஆனால் அது படகுக்குப் பிறகு வருவது, படகைத் தவறவிடும் பயத்துக்கு மருந்தாகாது.

சரி, இப்போது அந்தப் “பொறுப்பு” விஷயத்துக்கு வருகிறேன். நான் பல வருடம் டிக்கெட் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், அதனால் தெரிந்து சொல்கிறேன். இந்த வழித்தடத்தில் பேக்கேஜ் என்று விற்பது பெரும்பாலும் நீங்களே வாங்கக்கூடிய அதே ரயில், அதே படகு, அதே பேருந்தின் டிக்கெட்டுகளை ஓர் உறையில் போட்டுத் தருவதுதான். கூட வழிகாட்டி வர மாட்டார். தனிப் பெட்டி கிடையாது. நார்வேக்காரர்களே ஒழுங்காக அப்படி விற்கும் தொகுப்பும் இருக்கிறது, அதில் தப்பில்லை. அதை நம் ஊரில் ஒருவர் வாங்கி, அதன்மேல் இன்னொருவர் லாபம் வைத்து, மூன்றாம் கையாக உங்களுக்கு வருகிறது பாருங்கள், அங்கேதான் வலி. எங்கள் பொறுப்பு என்றால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். படகு தவறினால் புது டிக்கெட் யார் காசு? அறை யார் காசு? முன்பதிவு எண் யார் பெயரில்? எழுதித் தர மாட்டார். கோடையில் நார்வே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். நீங்கள் மாலை ஆறு மணிக்கு மிர்டாலில் நின்று போன் போட்டால் கோவையில் இரவு ஒன்பதரை. எடுப்பாரா? எனக்குத் தெரிந்து ஒரு குடும்பம் அப்படி நான்கு முறை போட்டது. மறுநாள் பதினொரு மணிக்குத் திரும்ப அழைத்து, “சார், நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்களா?” என்றாராம்.

விசாவுக்கு முன்பே முழுப் பணம் என்பதுதான் இதில் மோசமான பகுதி. விசா விண்ணப்பத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் தேவையில்லை, முன்பதிவு போதும். விசா கிடைப்பதற்கு முன் டிக்கெட் வாங்காதீர்கள் என்பதுதான் பொதுவான அறிவுரை. பின்னே ஏன் முழுப் பணம் கேட்கிறார்? விசா மறுக்கப்பட்டால் ‘ரத்துக் கட்டணம்’ என்று அவர் எடுத்துக்கொள்வதற்கு. இன்னொரு ரகம் இருக்கிறது, கேட்டால் போலி டிக்கெட்டும் போலி ஹோட்டல் கடிதமும் அச்சடித்துத் தருவார்கள். விசா அதிகாரி அதைக் கண்டுபிடித்தால் மறுப்பு ஏஜென்டுக்கு இல்லை, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு. பிறகு பல நாட்டுப் படிவங்களில் “முன்பு மறுக்கப்பட்டதா?” என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுத வேண்டியவர் நீங்கள்.

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் கூட்டில் இருக்கிறது. நீங்கள் நார்வே மட்டும் போவதால் நார்வேக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். “வேறு நாட்டு ஸ்லாட் சீக்கிரம் கிடைக்கும், அதில் போடலாம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். படிவத்தை இணையத்தில் நிரப்பிக் கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயதுக்கு மேல், பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு 45 யூரோ. மகனின் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்த மையத்தில் நேரம் வாங்குவதற்கென்று யாருக்கும் தனியாகக் காசு தர வேண்டியதில்லை. ஆனால் சீசனில் நீங்கள் பார்க்கும்போதெல்லாம் ஸ்லாட் இல்லை என்று வரும், புரோக்கர் பார்க்கும்போது மட்டும் இருக்கும். இது எப்படி என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. காலையில் எழுந்து நீங்களே பாருங்கள், ஒரு வாரம் பொறுமை இருந்தால் கிடைக்கும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதுதான் இங்கே உங்களுக்கு உதவுகிற விதி. ஜூன் கடைசிப் பயணத்துக்கு ஜனவரியிலேயே வாசல் திறந்துவிடும். நார்வே ரயிலில் மலிவுச் சீட்டு பொதுவாக மூன்று மாதம் முன்புதான் விற்பனைக்கு வரும், ஆள் சேரச் சேர விலை ஏறும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் விசா வேலையை முடித்துவிட்டால், மார்ச் கடைசியில் கையில் விசாவோடு உட்கார்ந்து மலிவுச் சீட்டை வாங்கலாம். முதலில் விசா, அப்புறம் ரயில், கடைசியில் படகு. இந்த வரிசை தலைகீழானால் லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

அம்மாவின் டிக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒருவரும் சொல்வதில்லை. நம் ரயில்வேயில் மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், அதோடு அது போயே போய்விட்டது. நார்வேயில் அந்தச் சலுகை உயிரோடு இருக்கிறது. 67 வயது நிரம்பியவருக்குச் சாதாரண ரயில் டிக்கெட் பாதி விலை. அறுபது இல்லை, அறுபத்தைந்தும் இல்லை, அறுபத்தேழு. அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் அம்மாவும் வாங்கலாம், வண்டியில் கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். டிக்கெட் வாங்கும்போது பயணி வகையில் ‘மூத்தவர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக வராது. ஏஜென்ட் நான்கு ‘பெரியவர்’ போட்டுவிட்டு வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொள்வது இங்கேதான், உங்கள் மகனைக்கூடப் பெரியவராக்கிவிடுவார். ஆனால் ஒன்று, பாதி விலை என்றதும் அதையே வாங்கிவிடாதீர்கள். முன்கூட்டி வாங்கும் மலிவுச் சீட்டு சில நாள்களில் இந்தப் பாதி விலையையும்விடக் குறைவாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவுச் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள். அம்மா உடல்நிலையை உத்தேசித்துக் கடைசி நேரத்தில் தேதி மாறலாம் என்றால், அவருக்கு மட்டும் பாதி விலைச் சாதாரண டிக்கெட்தான் நிம்மதி. ஃப்ளாம் ரயிலின் கட்டணம் தனி, அதற்கு என்ன சலுகை என்று வாங்கும் பக்கத்திலேயே பாருங்கள்.

ஐரோப்பா முழுவதற்குமான ரயில் பாஸ் வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். ஒரே பாதையில் போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது, ஃப்ளாம் ரயிலில் அது கொடுப்பது தள்ளுபடி மட்டும்தான்.

அந்தக் குட்டி ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறியவர்களுக்கு அதன் அருமை புரியும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே நம் வண்டி பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. ஃப்ளாமில் பல் சக்கரம் இல்லை, சாதாரணத் தண்டவாளம். 20 கிலோமீட்டருக்குள் 866 மீட்டரிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குகிறது, 20 சுரங்கங்கள், அதில் 18 கையால் குடைந்தவை. நடுவில் அருவி அருகே நிறுத்துவார்கள், சாரல் அடிக்கும், அம்மாவுக்கு மழைக்கோட்டு. எந்தப் பக்கம் உட்காருவது என்று இணையத்தில் சண்டையே நடக்கிறது. விடுங்கள், மலை இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஃப்ளாமுக்குப் பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வரும். கப்பல் நிற்கும் நாளில் பகல் நேரக் குட்டி ரயில்கள் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. கப்பல் வரும் தேதிகளைத் துறைமுகம் முன்கூட்டியே வெளியிடுகிறது, பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். முடியாவிட்டால் மாலை வண்டியில் இறங்குங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்தான்.

படகு இரண்டு மணி நேரம். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த ஒடுக்கமான நீர்வழியைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள். குட்வாங்கன் போகும் படகு நுழையும் நேரோய்ஃபியோர்டு, மிக ஒடுங்கிய இடத்தில் 250 மீட்டர்தான். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அலை இருக்காது, குளிர்காற்று இருக்கும். அம்மா உள்ளே கண்ணாடி ஓரம் உட்காரலாம். குட்வாங்கனில் இறங்கி வோஸ் வரை பேருந்து, வோஸிலிருந்து பெர்கன் ரயில். நிறையக் கடல் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் ஃப்ளாமிலிருந்து பெர்கனுக்கு நேராகவே ஒரு விரைவுப் படகு உண்டு, ஐந்தரை மணி நேரம், நடுவில் மாறும் வேலையில்லை. ஆனால் அது அந்தக் குறுகலான சந்துக்குள் போகாது. என்னைக் கேட்டால் குறுகலானதையே பார்ப்பேன்.

ஜூன் கடைசி என்கிறீர்களே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நார்வே ரயில்காரர்கள் கோடை விடுமுறையில்தான் தண்டவாளத்தைப் பழுது பார்ப்பார்கள், ஓஸ்லோவைச் சுற்றிச் சில வாரம் பேருந்து விடுவார்கள். ‘புஸ் ஃபொர் டோக்’ என்று பலகை தொங்கும், ரயிலுக்குப் பதில் பேருந்து என்று அர்த்தம். உலகமே ரயிலைப் பார்க்க வரும் மாதத்தில் ரயிலை நிறுத்துகிற புத்திசாலித்தனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தேதி குறிக்குமுன் அந்த அறிவிப்பைப் பாருங்கள். முடிந்தால் ஜூன் முதல் பாதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஜனவரி என்று சொன்னதை அப்போது டிசம்பர் என்று படியுங்கள்.

சாப்பாடு அங்கே யானை விலை. பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி எடுத்துப் போகலாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அம்மாவிடம் நெய் டப்பாவும் பால்கோவாவும் பெட்டியில் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பொடிக்கு அங்கே நல்லெண்ணெய் வேண்டுமென்றால் ஓஸ்லோவில் நம் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன.