எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, பிபி மட்டும் நார்மல் என்கிறார்கள். என்ன செய்வது?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வயது அறுபதுக்கு மேல், படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, ஒரு முறை பாத்ரூம் வாசலில் விழுந்தும் விட்டார், கிளினிக்கில் பார்த்தால் பிபி நார்மல்.

அந்த நார்மல் உங்களை உட்கார வைத்து எடுத்தது. எழுந்தால் வருகிற கோளாறு உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சிக்கும்?

எனக்கும் இதே கதைதான். சர்க்கரை, பிபி இரண்டும் பழைய சொத்து. அப்புறம் பிராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின் என்ற மாத்திரை சேர்ந்தது, அதன் பிறகுதான் நடுராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் சுவரைப் பிடிக்க வேண்டிய நிலை வந்தது. வீட்டில் பித்தம் என்றார்கள், இஞ்சிச் சாறு வந்தது, குடித்தேன், இஞ்சிச் சாறு நன்றாகத்தான் இருந்தது.

நடப்பது இதுதான். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலே உள்ள பெரிய ரத்தக்குழாயிலும் இருக்கிற அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொண்டு, ரத்தக்குழாய்களை இறுக்கச் சொல்லி, இதயத்தையும் கொஞ்சம் வேகமாக அடிக்கச் சொல்லும். சில நொடிகளில் முடிகிற வேலை. அது தடுமாறினால் நின்றதும் பிபி இறங்கி, கண் இருட்டும். நீண்ட நாள் சர்க்கரை அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பைக் கெடுக்கும் (காலில் எரிச்சலும் மதமதப்பும் வருகிறதே, அதே ரகம்). டாம்சுலோசின், பிரசோசின் மாதிரி மாத்திரைகள் குழாயை இறுக விடாது. நீர் பிரிக்கிற மாத்திரை, தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், பார்க்கின்சன் மாத்திரைகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிக்காமை, ரத்தசோகை ஆகியவை தனி.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால் இன்றே பார்த்துவிடலாம். ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்துவிட்டு ஒரு அளவு, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு கூடக் காட்டி உண்மையை மறைத்துவிடும், அதனால் பட்டை கட்டிய கையை நெஞ்சு உயரத்தில் பீரோ மேலோ யார் தோளிலோ தாங்கி வைக்க வேண்டும். எனக்குப் படுக்கையில் 142, நின்றால் 110. என் மனைவி மெஷின் கெட்டுப்போச்சு என்று பேட்டரியைக் கழற்றி மாட்டினாள், மறுபடியும் கிட்டத்தட்ட அதேதான். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டிய கேஸ். நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்: பிபி இவ்வளவு இறங்கியும் துடிப்பு பெரிதாக ஏறவில்லை என்றால் நரம்புப் பக்கம் சந்தேகப்படுவார்கள்.

அந்தத் தாளையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கு ஒருவர், பிராஸ்டேட்டுக்கு ஒருவர் என்று காட்டுகிறவர்களுக்கு மொத்தப் பையையும் ஒரே ஆள் பார்ப்பது அபூர்வம். எனக்கு மாத்திரையை மாற்றினார், பாதிப் பிரச்சினை அதிலேயே போனது. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மீதிப் பாதிக்கு நான் செய்வது: கண் விழித்ததும் எழுவதில்லை. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலைமாட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் நிற்பேன். அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தால், முக்கியமாக நரம்பு பாதித்தவர்களுக்கு, சில நிமிடத்தில் பிபி ஏறும். இரவில் ஒன்றுக்கு உட்கார்ந்துதான் போகிறேன், இதில் கௌரவம் பார்த்தால் மண்டை உடையும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை வைத்து அரை அடி உயர்த்தியிருக்கிறோம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும். வயிறு முட்டச் சோறு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல் இரண்டையும் விட்டாயிற்று.

ரேஷன் கடை வரிசையிலோ கோயிலிலோ நிற்கும்போது கிறுகிறுத்தால் கால்மேல் கால் பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், முஷ்டியையும் அழுத்திப் பிடியுங்கள். அடங்கவில்லை என்றால் யார் பார்த்தால் என்ன, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுங்கள், முடியாதவர்கள் தரையிலேயே உட்காரலாம்.

உப்பு போட்ட மோர், ஓஆர்எஸ் என்று பலர் சொல்வார்கள். வெயிலில் வாடிய இளம் வயதுக்காரருக்குச் சரி. படுத்தால் பிபி எகிறுகிறவர், இதயம், கிட்னி கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

இளவயதுப் பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நின்றால் பிபி இறங்காமல் துடிப்பு மட்டும் பத்து நிமிடத்துக்குள் 30க்கு மேல் கூடி, மாதக்கணக்கில் இதே தொல்லை என்றால் அது பாட்ஸ் (POTS, நின்றால் இதயத் துடிப்பு அளவுக்கு மீறி ஏறுகிற கோளாறு) ஆக இருக்கலாம். மனப்பிரமை என்று யாராவது தள்ளிவிட்டால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், நம் ஊரில் முதலில் செய்வதே அதைத்தான். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், நினைவு வரும்வரை வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் 108.

ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினாலும், மயக்கத்துக்கு முன் படபடப்போ நெஞ்சுவலியோ இருந்தாலும், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலும் அன்றைக்கே ஈசிஜி எடுத்துவிடுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் காத்திருக்க வேண்டாம், உள்ளே ரத்தம் கசியலாம்.