27 பட்டத்துக்கு மதிப்பு எவ்வளவு? பேஸ்பால் கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக் அணிகளின் பட்டக் கணக்கு பற்றி நண்பர்கள் கேட்டவை. பட்டம் என்றால், சீசன் முடிவில் நடக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வெல்வது. கணக்கெல்லாம் 2025 சீசன் முடிய.

கேள்வி: வேர்ல்ட் சீரிஸ்ல நியூயார்க் யாங்கீஸ் 27 பட்டம், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 11. எண்ணிப் பார்த்தாலே போதுமே, அளக்க என்ன இருக்கு சார்?

அந்த 27-ல் 20 பட்டங்கள் 1962-க்குள் வந்தவை. 1960 வரை இருந்ததே 16 அணிகள்தான். அணிகள் இரண்டு லீகுகளாகப் பிரிந்து ஆடும்; 1968 வரை தன் லீகில் முதலிடம் பிடித்தால் போதும், நேரே வேர்ல்ட் சீரிஸ். இன்று 30 அணிகள். சீசனுக்குப் பின் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃபில் மட்டும் 12. இரண்டு காலத்துப் பட்டங்களையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: அப்போ எப்படி அளக்கலாம்? கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

16 அணிகள் ஆடிய வருஷத்தில் ஒவ்வோர் அணியின் பங்கு பதினாறில் ஒன்று. 30 ஆடினால் முப்பதில் ஒன்று. இதை வருஷாவருஷம் கூட்டிக்கொண்டே வாருங்கள். 1903-ல் தொடங்கி, சீரிஸ் நடக்காத 1904-ஐ விட்டுவிட்டால், 1960 வரை 57 சீரிஸ். 57-ஐ 16-ஆல் வகுத்தால் 3.56. அதன்பின் அணிகள் 18, 20, 24, 26, 28, 30 என்று பெருகின. 1994 வேலைநிறுத்தத்தில் போய்விட்டது. மீதி 64 சீரிஸுக்கும் சேர்த்து வெறும் 2.43. ஆக, ஒரு பழைய அணிக்கு நியாயமாக வரவேண்டியது சுமார் 6 பட்டம். யாங்கீஸ் அதைப்போல் நாலரை மடங்கு வென்றிருக்கிறது. 3 பட்டம் வைத்திருக்கும் சிகாகோ கப்ஸ் பாதியில் நிற்கிறது.

கேள்வி: உங்க முறையில, வென்ற பட்டத்தை வரவேண்டியதால வகுத்துப் பார்த்தேன். மயாமி மார்லின்ஸுக்கு 1.86, கார்டினல்ஸுக்கு 1.84 வருது. இதை எப்படி அண்ணா ஏத்துக்கிறது?

ஏற்க வேண்டாம். 1993-ல் வந்த மார்லின்ஸின் பங்கு 1.08தான், 1997, 2003 என்று இரண்டு பட்டம் வென்றதும் விகிதம் எகிறிவிட்டது. அதில் ஒன்றைக் கழித்தால் 0.93-க்கு இறங்கும். கார்டினல்ஸில் ஒன்றைக் கழித்தாலும் 1.67 நிற்கும். அதனால் வகுத்ததோடு விடாமல் கழித்தும் பாருங்கள்: வரவேண்டியதைவிட கார்டினல்ஸுக்கு 5 கூடுதல், மார்லின்ஸுக்கு ஒன்றுகூட முழுதாக இல்லை. மார்லின்ஸ் இன்றுவரை தன் பிரிவில் முதலிடம் பிடித்ததே இல்லை, இரண்டு முறையும் வைல்டு கார்டில், அதாவது பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான இடத்தில், பிளே-ஆஃபுக்குள் நுழைந்த அணி. விகிதத்தை மட்டும் நம்பினால் இது கண்ணில் படாது.

கேள்வி: நான் சியாட்டில் மரினர்ஸ் ரசிகை. எங்க அணி அவ்வளவு மோசமா?

இல்லவே இல்லை. 1977-லிருந்து உங்கள் பங்கு 1.69. எல்லா அணியும் சமபலம் என்று வைத்துக்கொண்டாலும், இத்தனை வருஷம் ஒரு பட்டமும் கிடைக்காமல் போக 18 சதவீத வாய்ப்பு உண்டு. 30 அணிகளில் வேர்ல்ட் சீரிஸ் வாசலையே மிதிக்காதது உங்கள் அணி மட்டும்தான், அந்த வலி நிஜம். ஆனால் 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்த அணி அது. 2006-ல் கார்டினல்ஸ் 83 ஆட்டம் ஜெயித்துவிட்டுக் கோப்பையை எடுத்துப் போனது. சீசன் முழுக்க ஆடும் 162 ஆட்டத்து உழைப்புக்குப் பட்டியலில் தனியாக ஒரு பத்தி வேண்டும் என்பேன்.

கேள்வி: ஊர் மாறிய அணிகள்?

பட்டம் அணியோடு போகும். டாட்ஜர்ஸின் 9-ல் 1955 நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோது வந்தது, மற்ற எட்டும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறிய பிறகு.

கேள்வி: நீக்ரோ லீக் பட்டங்களைச் சேர்ப்பீங்களா?

தனிப் பட்டியலாக, கட்டாயம். கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய அந்த லீக்குகளை மேஜர் லீக் தரம் என்று 2020 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டார்கள். அவற்றில் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி 1943, 1944, 1948-ல் அவற்றின் வேர்ல்ட் சீரிஸை வென்றது. 1947-ல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்குக்கு வரும்வரை அந்த 16 அணிகளும் கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைத்தே ஆடின. எந்த வகுத்தல் கணக்கும் இதைச் சரிக்கட்டாது.

கேள்வி: அப்போ யாங்கீஸ் வெறும் பழம்பெருமைதானா?

இல்லை. 1963-லிருந்து மட்டும் எடுத்தால் வரவேண்டியது 2.32, வென்றது 7. மூன்று மடங்கு! ஆனால் அதே காலத்தில் டாட்ஜர்ஸும் 7. அதில் முதலாவது, 1963-ல் யாங்கீஸையே நாலு ஆட்டத்துக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்து எடுத்தது. ஏழாவது, 2025-ல் டொராண்டோவில் ஏழாம் ஆட்டத்தின் 11-ஆவது இன்னிங்ஸில் கிடைத்தது.