'பேர் மட்டும் போதும்' என்று இயக்குநராகக் கூப்பிட்டால் போகலாமா?

கேள்வி: பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதியோருக்குப் பகல்நேரப் பராமரிப்பும், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் நடத்தும் ஒரு சேவை நிறுவனம் என்னை இயக்குநராக வரச் சொல்கிறது. லாப நோக்கமற்ற கம்பெனியாக, கம்பெனிச் சட்டம் பிரிவு 8-இல் பதிவானது. "சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை, உங்க பேர் இருந்தால் போதும்" என்கிறார் நிறுவனர். என் கணவரின் பழைய நண்பர். சேரலாமா? பின்னால் என் வீட்டுக்கோ சேமிப்புக்கோ ஏதாவது வருமா?

பதில்: முதலில் வீட்டு விஷயம். கம்பெனி வாங்கிய கடனுக்கு இயக்குநரின் சொந்தச் சொத்து பொறுப்பாகாது. வேன் கடனுக்கோ ஓவர் டிராஃப்டுக்கோ நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கதை வேறு. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோசடி நடந்து அதில் உங்கள் பங்கும் இருந்தால் எந்தக் கவசமும் நிற்காது. மற்றபடி வீடு பத்திரம்.

ஆனால் அபராதம் தனி. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டால் கம்பெனிக்கு மட்டுமல்ல, பொறுப்பான இயக்குநர்களுக்கும் அபராதம் உண்டு. தலைக்கு 10,000 ரூபாயில் தொடங்கி, நாளுக்கு 100 ரூபாய் ஏறி, 50,000 வரை போகும். இது கைக்காசு. தாமதமாகத் தாக்கல் செய்யும் ஒவ்வொரு ஆண்டுப் படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பது வேறு கணக்கு.

அதைவிடப் பெரியது தகுதி நீக்கம். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கலாகவில்லை என்றால், அந்தக் கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. 2017-இல் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மத்திய அரசு பட்டியல் போட்டு நீக்கியது. நாடு முழுக்க உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. பேருக்கு இருந்தவர், ஓடி ஓடி உழைத்தவர் என்ற வித்தியாசமெல்லாம் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. புதிதாக வருபவருக்கு ஒரு சலுகை உண்டு: ஏற்கெனவே தாக்கல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனியில் சேர்ந்தால், சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை இந்தத் தகுதி நீக்கம் உங்களைத் தொடாது. அதற்குள் பழைய பாக்கியைத் தீர்க்க வைக்க வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும்.

சேரும் முன்பே பார்த்துவிடலாம் என்பதுதான் நல்ல செய்தி. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால், கடைசியாகப் பொதுக்குழு நடந்த தேதியும் கடைசி இருப்புநிலைக் குறிப்பின் தேதியும் இலவசமாகத் தெரியும். 100 ரூபாய் கட்டினால் தாக்கலான ஆவணங்களையே திறந்து படிக்கலாம்.

இப்போது, 'வேலை இல்லை' என்ற பேச்சுக்கு வருவோம். என் அனுபவத்தில் இதுதான் கவலைப்பட வேண்டிய வரி. பிரிவு 8 கம்பெனிகளுக்கு விதிகளில் நிறையத் தளர்வு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இயக்குநர் குழு கூடினால் போதும். கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், எட்டுப் பேர் அல்லது மொத்தத்தில் கால்வாசி, எது குறைவோ அது. இரண்டுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. அதாவது ஏழு பேர் குழுவில், கம்பெனியின் சொந்த விதிகள் வேறு சொல்லாதவரை, நிறுவனரும் அவர் மனைவியும் உட்கார்ந்தாலே கூட்டம் செல்லும். நீங்கள் வீட்டில் இருந்தாலும் தீர்மானம் உங்கள் குழுவின் தீர்மானம்தான். பன்னிரண்டு மாதம் ஒரு கூட்டத்துக்கும் போகாவிட்டால் பதவி தானாகவே காலியாகிவிடும், விடுப்பு சொல்லியிருந்தாலும் சரி.

அதனால் மினிட்ஸ் புத்தகத்தைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால் வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டாம். எல்லாத் தீர்மானமும் 'ஏகமனதாக', எல்லாம் ஒரே வாசகம், ஒரே பேனா என்றால் அவை கணக்கு முடிக்கும் நேரத்தில் மொத்தமாக எழுதப்பட்டவை. யாராவது ஒருவர் செலவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாகப் பதிவாகியிருந்தால் அது உயிருள்ள குழு.

அப்புறம், கட்டடம் யாருடையது என்று பாருங்கள். நிறுவனரின் வீட்டு மாடியில்தான் மையம் நடக்கிறது, வாடகை அவருக்குப் போகிறது என்பது சாதாரணமாக நடப்பதுதான். நியாயமான வாடகை கொடுப்பதில் தப்பில்லை. சந்தை விலைக்கு மேல் போனால்தான் சிக்கல். நிறுவனருக்கோ அவர் உறவினருக்கோ அளவுக்கு மீறி ஆதாயம் போனால் வருமான வரி விலக்கு ஆட்டம் காணும். நன்கொடையாளருக்குக் கிடைக்கும் வரிச் சலுகையும் கேள்விக்குள்ளாகலாம். வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள். வாங்கினால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; டெல்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் பணம் வந்து இறங்க வேண்டும்.

பிள்ளைகள் வரும் இடம் என்பதால் இன்னொன்று. யாராவது ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்ததாகத் தெரிந்தால், 'நமக்குள் பேசி முடிப்போம்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஊழியர் செய்ததை நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் அவருக்கே ஓராண்டு வரை சிறை. புகார் வந்தால் யாரிடம் போகும் என்று நிறுவனரைக் கேளுங்கள். எழுத்தில் ஒரு நடைமுறை இல்லையென்றால், நீங்கள் சேர்ந்ததும் போட வேண்டிய முதல் தீர்மானம் அதுவே.

சேர்வது என்று முடிவானால், உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (இணையத்தில் படிவங்களுக்குக் கையெழுத்திட உதவும், பென்டிரைவ் போன்ற கருவி) ஆடிட்டர் ஆபீஸில் விட்டுவைக்காதீர்கள். நம் ஊரில் பாதி இயக்குநர்களின் டோக்கன் அங்கேதான் ஒரு டிராயரில் கிடக்கிறது. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை வாடிக்கையாளர் கவுண்டரில் விட்டுப் போனால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதேதான். ஓடிபி-யும் அப்படியே.

விலகும் வழி எளிது. ராஜினாமாக் கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், அல்லது நீங்கள் அதில் குறித்த நாள், இரண்டில் பிந்தியது எதுவோ அன்று பதவி முடிகிறது. கம்பெனி 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இழுத்தடித்தால் டிஐஆர்-11 படிவத்தில் நீங்களே தெரிவிக்கலாம். அதற்குக் கடிதம் அனுப்பியதற்கான அத்தாட்சி வேண்டும், எனவே மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு மட்டும் விலகிய பிறகும் தொடரும்.

நண்பரின் முகத்துக்காகத் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. மூன்று வருடக் கணக்கு, மினிட்ஸ் புத்தகம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். சந்தோஷமாகக் கொடுத்தால் தாராளமாகச் சேருங்கள், வங்கி அனுபவம் உள்ள ஒருவர் அந்தக் குழுவுக்கு நிச்சயம் தேவை. மழுப்பினால், பதவி வேண்டாம், வாரம் ஒரு நாள் வந்து கணக்கு எழுத உதவுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.