குளியல் தொட்டியில் ஒரு இரவு

அன்புள்ள அக்கா,

நாங்கள் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறோம். என் மகள் இந்த ஆகஸ்டிலிருந்து சிகாகோ தெற்குப் பகுதியில் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. அந்தப் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று அடிக்கடி செய்தி வருகிறது. இவ்வளவு படித்துவிட்டு ஏன் அங்கே போக வேண்டும்? சம்பளமும் பெரிதாக இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பும் ஏறாது. பள்ளியின் மதிப்பெண்களை இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்கள் அங்கே வேலை பார்த்தவர், நீங்கள் சொன்னால் கேட்பாள். வேறு இடம் பார்க்கச் சொல்லுங்களேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் பயம் எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த பத்து வருடமும் என் அம்மா மதுரையில் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பாள், நான் வீடு வந்து சேர்ந்தேன் என்று போனில் கேட்பதற்காக. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளம், படிப்பு இதெல்லாம் உங்கள் மகளின் கணக்கு. அதில் நீங்களும் தலையிட வேண்டாம், நானும் தலையிடவில்லை.

ஆனால் "படிப்பு ஏறாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. போன மாதம் வீடு மாற்றும்போது பழைய வகுப்புப் பதிவேடு ஒன்று கையில் கிடைத்தது. அன்றிலிருந்தே ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு. புதுச் சொல் எது கேட்டாலும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வாள். எனக்கே தெரியாத சொல்லைக் கொண்டுவந்து அர்த்தம் கேட்டு மடக்குவாள். மே மாதம் கணினித் தேர்வு வந்தது. அப்போதெல்லாம் அதன் முடிவு என் வேலை மதிப்பீட்டிலும் சேரும். மற்றவர்கள் முதல் பத்தியையே படித்துக்கொண்டிருந்தபோது, அவள் எதையும் படிக்காமல் தட்டித் தட்டிக் கடைசிக் கேள்விக்கே போய்விட்டாள். தேர்வு முடிந்ததும் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்த் திட்டினேன். உன்னை எவ்வளவு நம்பினேன் என்றேன். அவள் அழவில்லை. "மிஸ், நேற்று ராத்திரி நாங்கள் எல்லோரும் குளியல் தொட்டியில் படுத்திருந்தோம்" என்றாள். வெளியே சுடும் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இரும்புத் தொட்டிக்குள் படுக்க வைக்கிற வீடுகள் அங்கே உண்டு. மரச் சுவரைக் குண்டு துளைத்துவிடும், தொட்டி தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, போய் உட்கார்." அவ்வளவுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்காமலேயே அந்த வருடம் முடிந்துவிட்டது.

பேட்ரிக் ஷார்க்கி என்ற சமூகவியலாளர் 2010ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அதுவும் சிகாகோ பிள்ளைகளைப் பற்றியதுதான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொலை நடந்து ஒரு வாரத்துக்குள் சோதித்தால், கறுப்பினப் பிள்ளைகளின் வாசிப்பு, சொல்வள மதிப்பெண்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பிள்ளை அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்படியானால் நீங்கள் இணையத்தில் பார்த்த எண் எதைக் காட்டுகிறது? பிள்ளையின் மூளையையா, அதற்கு முந்தின இரவையா? எந்தப் பிள்ளை எப்படிப்பட்ட ராத்திரியைக் கழித்துவிட்டு வந்து எழுதியது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி உண்டா? இல்லாதபோது "ஏறாது" என்று எப்படி எழுதினீர்கள்? 2013 ஜனவரியில் ஹதியா பெண்டில்டன் என்ற 15 வயதுப் பெண் பரீட்சை முடிந்து, மழைக்கு ஒரு பூங்காவில் ஒதுங்கி நின்றபோது சுடப்பட்டு இறந்தாள். நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேரக்கூடிய பள்ளியில் படித்தவள் அவள். அவளும் நீங்கள் சொல்லும் "அந்தப் பிள்ளைகளில்" ஒருத்திதான்.

அதே வருடம் நகர நிர்வாகம், மாணவர் எண்ணிக்கை குறைவு என்று ஏறக்குறைய 50 பள்ளிகளை மூடியது. மூடிய பள்ளியிலிருந்து எங்களிடம் வந்த பிள்ளைகள் பழக்கமில்லாத தெருக்களைக் கடந்து வந்தார்கள். மூலைக்கு மூலை ஒளிரும் மேலங்கி போட்ட பெரியவர்கள் காவலுக்கு நின்றார்கள். அந்தப் பெரியவர்களும் அதே தெருக்காரர்கள். அதையும் உங்கள் மகள் தினமும் பார்ப்பாள், கேட்டுப் பாருங்கள்.

வேலையை விடச் சொல்லி நான் எழுதமாட்டேன். முதல் வருடம் மிகவும் கஷ்டம், மாலையில் பேசவே தெம்பு இருக்காது. அப்போது "இன்றைக்கு என்ன ஆச்சு" என்று துருவாதீர்கள். சாப்பாடு போடுங்கள், தூங்க விடுங்கள். பிள்ளைகள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து அவள் ஒருத்தியே சுமக்கக் கூடாது. 2019 அக்டோபரில் சிகாகோ அரசுப் பள்ளி ஆசிரியர்களான நாங்கள் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் ஒன்று, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் வேண்டும் என்பது. சங்கத்தின் சிவப்புச் சட்டையோடு குளிரில் நானும் நின்றேன். ஒப்பந்தத்தில் எழுதியும் கொடுத்தார்கள். உங்கள் மகளின் பள்ளிக்குச் சமூகப் பணியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று அவளிடம் கேளுங்கள். ஒரு நாள்தான் என்றால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். யாரிடம் போய், எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லித் தருகிறேன்.