பாலைவன வேலைக்குப் போகிறவர்கள் கேட்டவை

கடலூர், புதுவைப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. சவூதியில் எண்ணெய் வயல் சர்வே குழுவில் ஓட்டுநராகவும், பிறகு பாதுகாப்பு மேற்பார்வையாளராகவும் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணே, ரூபுல் காலி பக்கம் டவர் வேலை. நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் நடந்து வந்துவிடலாமா? (லால்பேட்டை)

கூடவே கூடாது தம்பி. அந்தப் பாலைவனம் சுமார் ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. மேலிருந்து தேடுகிறவர்கள் கண்ணுக்கு வண்டி தெரியும், நடக்கிற ஆள் தெரியமாட்டான். பானெட்டைத் திறந்து வையுங்கள். பகலில் கண்ணாடியை வெயிலில் காட்டி மின்னவிடுங்கள், இரவில் விளக்கைப் போட்டுப் போட்டு அணையுங்கள். வண்டிக்குள்ளே உட்காராதீர்கள், அடுப்பு மாதிரி ஆகிவிடும். தார்ப்பாயை வண்டியோடு சேர்த்துக் கட்டி அந்த நிழலில் இருங்கள். வெறும் மணலில் உட்காராமல் சீட்டைக் கழற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வண்டியோடு இருந்தால் மட்டும் போதாது. 2024 ஆகஸ்டில் தெலங்கானா இளைஞர் ஒருவரும் உடன் போன சூடான் நாட்டவரும் அங்கேதான் இறந்தார்கள். ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை, எரிபொருள் தீர்ந்தது, போனில் சார்ஜும் போய்விட்டது என்று செய்திகளில் வந்தது. உடல்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தன. அதனால் கிளம்பும் முன்பே முகாமில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும். திரும்பி வந்ததும் அவரிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீரை அன்றைய தேவைக்கு மட்டும் ஏற்றாமல், இரண்டு மூன்று நாள் மாட்டிக்கொண்டாலும் தாங்குகிற அளவு ஏற்றுங்கள். கிளம்பச் சொல்லி முதீர் (மேலாளர்) அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள்.

முந்திரிக் காட்டில் அக்னி நட்சத்திர வெயிலிலேயே வேலை செய்தவன் நான். அந்த வெயில் என்ன செய்துவிடும்? (பண்ருட்டி)

நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், வியர்த்தால் சட்டை நனையும், உடனே தண்ணீர் குடிக்கத் தோன்றும். பாலைவனத்தின் உட்பகுதியில் காற்று காய்ந்து கிடக்கும். வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும், சட்டையில் உப்புக் கோடுதான் மிஞ்சும். ‘வியர்க்கவே இல்லையே’ என்று நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். தாகத்துக்குக் காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடியுங்கள். அதற்காக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தொடவேண்டாம், அதுவும் ஆபத்து. நீண்ட நேர வேலை என்றால் இடையில் ஓஆர்எஸ் அல்லது சாப்பாடு. சிறுநீர் அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை.

முதல் நாளே முழு வேலையில் இறங்காதீர்கள். உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். லீவுக்கு ஊர் வந்து திரும்புகிறவர்களும் மறுபடி மெதுவாகத்தான் தொடங்க வேண்டும்.

வீட்டுக்காரர் போனில் தலை சுற்றுது என்கிறார். எப்போது பயப்படணும்? (நெல்லிக்குப்பம்)

பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பத் தாக்கு அம்மா, உயிருக்கு ஆபத்து. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்: சவூதியில் 997, அமீரகத்தில் 998. அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்த நிலையில் அவருக்கே தன் நிலைமை தெரியாது. அதனால் அறையில் கூட இருக்கும் இரண்டு பேர் நம்பரை இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள்.

உச்சி வெயிலில் வேலை வாங்கலாமா? (அரியாங்குப்பம்)

சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கத் தடை. அமீரகத்தில் 12.30 முதல் 3 வரை. குவைத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் 11 முதல் 4 வரை.

மணலில் சக்கரம் புதைந்தால்? (கடலூர் முதுநகர்)

ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் இறங்கும். சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாருங்கள், டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறையுங்கள், வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். தார் ரோடு ஏறியதும் காற்றை மறுபடி நிரப்பாமல் வேகம் எடுத்தால் டயர் வெடிக்கும், அதனால் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும். இரவில் ரோட்டில் ஒட்டகம் நிற்கும், அதுவும் நினைவிருக்கட்டும்.

அங்கே சாட்டிலைட் போன் கொடுத்தார்கள். லீவில் கொண்டு வரலாமா? (பாகூர்)

வேண்டாம். அங்கே அது உயிர் காக்கும் பொருள். இந்தியாவில் துராயா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். 2025 ஜனவரியில் நம் புதுச்சேரி விமான நிலையத்திலேயே ஓர் அமெரிக்க மருத்துவரை இதற்காகத் தடுத்து நிறுத்தினார்கள். கம்பெனி ஸ்டோரில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு ஊருக்கு வாருங்கள்.